வீதியோரத்தில் நின்ற கமரா

(யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலுள்ள சரவணையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டின் ஜனாதிபதி காரில் ஏறிப் பொது விழாவுக்குப் போகிறார். யாரோ ஒருவர் அதைப் படம் பிடிக்கிறார். ஐம்பது, அறுபது வருடம் கழிந்து அந்தப் படம் ஓர் ஆவணக் காப்பகத்தின் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. அதைக் கையில் எடுப்பவர் எதைப் பார்க்கவேண்டும் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைவர்களின் கார்களைப் பற்றிப் பேச சரவணைதானா கிடைத்தது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். கார் ஓட வீதி வேண்டும். வீதி எங்கே முடிகிறது, அதற்கப்பால் எப்படிப் போவது என்பதைத் தீவுப்பகுதி மக்களைப்போல அனுபவித்து அறிந்தவர்கள் இந்த நாட்டில் அதிகம் பேர் இல்லை. ஆகவே இதைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வகைப் படங்களின் தொடக்கத்திலிருந்து வருவோம். 1902 ஆகஸ்ட் 22ஆம் திகதி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மின்சாரத்தில் ஓடும் கொலம்பியா வாகனம் ஒன்றில் ஊர்வலம் போனார். பதவியிலிருக்கும் ஜனாதிபதி ஒருவர் பொதுமக்கள் முன்னால் மோட்டார் வாகனத்தில் போனது அதுவே முதல் தடவை. பின்னால் வந்தவை குதிரை வண்டிகள். ஒரு யுகம் முடிவதும் இன்னொன்று தொடங்குவதும் ஒரே ஊர்வலத்தில் நடந்திருக்கின்றன. பதவியேற்பு விழாவுக்குக் காரில் போகும் வழக்கம் வர மேலும் 19 வருடம் எடுத்தது. 1921இல் வாரன் ஹார்டிங்தான் அப்படிப் போன முதல் ஜனாதிபதி.

அடுத்து வந்த இன்னொரு ரூஸ்வெல்ட்டின் படங்களில் சற்று நின்று பார்க்கவேண்டும். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல் இளம்பிள்ளைவாதம் வந்து கால்கள் செயலிழந்தன. அதற்குப் பிறகுதான் அவர் நான்கு தடவை ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். அவர் பொதுக்கூட்டங்களுக்குப் போன படங்களைப் பார்த்தால், பலவற்றில் திறந்த காரின் பின்னிருக்கையில் இருந்தபடியே பேசுகிறார். மேடைக்கு நடந்து ஏறத் தேவையில்லை. கூட்டம் காரைச் சூழ்ந்துகொள்ளும், கார்தான் மேடை. சக்கர நாற்காலியில் அவர் இருக்கும் படங்களைப் பத்திரிகைகள் அன்று பெரும்பாலும் வெளியிடாமல் விட்டன. அதனால் கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் தம் ஜனாதிபதியைக் கார் இருக்கையில் சிரித்த முகத்தோடு இருப்பவராகவே மனத்தில் வைத்திருந்தார்கள். ஒரு மனிதரின் உடல்நிலை, அதை மறைத்த ஒரு சமூகத்தின் மௌனம், அதற்கு வாகனம் செய்த உதவி எல்லாம் அந்தப் படங்களுக்குள் இருக்கின்றன. படத்தின் கீழே எழுதியிருப்பதோ திகதியும் ஊரும் மட்டும்.

திறந்த கார் என்றால் ஆபத்தும் உடன் வரும். 1933 பெப்ரவரி 15ஆம் திகதி, பதவியேற்கச் சில வாரங்களே இருந்தபோது, மயாமி நகரில் அதே மாதிரிக் காரிலிருந்து பேசி முடித்த ரூஸ்வெல்ட்டை நோக்கி ஒருவன் சுட்டான். குண்டு அருகில் நின்ற சிக்காகோ நகர முதல்வர் அன்ரன் செர்மக்கைத் தாக்கியது. அவர் மார்ச் 6ஆம் திகதி இறந்துபோனார். ஆயினும் திறந்த கார் ஒழியவில்லை. மக்கள் முகம் பார்க்க விரும்பினார்கள், தலைவர்கள் முகம் காட்ட விரும்பினார்கள்.

1963 நவம்பர் 22ஆம் திகதி டலஸ் நகரில் நடந்ததை உலகமே அறியும். அன்று காலை மழை விட்டதால் ஜோன் கென்னடியின் லிங்கன் காருக்குப் பிளாஸ்ரிக் கூரை பூட்டவில்லை. பூட்டியிருந்தாலும் அது குண்டு துளைக்காத கூரை அன்று. கொலைக்குப் பிறகு அதே காருக்குக் கவசம் போட்டு, நிரந்தரக் கூரை வைத்து, 1977 வரை அடுத்தடுத்த ஜனாதிபதிகள் பாவித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இன்று அது மிச்சிகன் மாநிலத்து ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இந்தச் சம்பவத்தில் என் பேச்சின் மையம் இருக்கிறது. வெள்ளை மாளிகையின் புகைப்படக் கலைஞர் செசில் ஸ்ரோட்டன் அன்று அந்த வாகனத் தொடரணியிலேயே பயணம் செய்தார். நல்ல கமரா, நல்ல பயிற்சி, அரசின் அனுமதி, எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனால் அவர் இருந்த வாகனம் பின்னால் வந்துகொண்டிருந்தது. அந்த 26 விநாடிகளைப் பதிவுசெய்தவர் பெண்களுக்கான உடை தைத்து விற்கும் தொழில் செய்த ஆபிரகாம் சப்ரூடர். வீட்டில் பாவிக்கும் எட்டு மில்லிமீற்றர் கமராவோடு வீதியோரத்து மதிலில் ஏறி நின்றவர் அவர். 486 சட்டகங்கள் கொண்ட அந்தப் படச்சுருளைத்தான் விசாரணை ஆணைக்குழு சட்டகம் சட்டகமாகப் பார்த்தது. பின்னர் அரசு அதைப் பொறுப்பேற்று, 1999இல் அவர் குடும்பத்துக்கு ஒரு கோடியே 60 இலட்சம் டொலர் இழப்பீடு கொடுத்தது. அரசாங்கத்திடம் எத்தனை கமரா இருந்தாலும், நாட்டின் வரலாறு ஒரு நாள் வீதியோரத்தில் நின்ற ஒருவரிடம் கையேந்தவேண்டி வந்தது.

தொடரணிக்குள்ளிருந்து எடுக்கும் படத்தில் தலைவர் மக்களை எப்படிப் பார்த்தார் என்பது தெரியும். வீதியோரத்திலிருந்து எடுக்கும் படத்தில் மக்கள் தலைவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது தெரியும். முன்னதைக் காப்பகங்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன. பின்னது வீட்டு அலுமாரிகளில் கிடந்து அழிகிறது.

இந்தியாவில் 1950 ஜனவரி 26ஆம் திகதி முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் விழா மைதானத்துக்குக் காரில் போகவில்லை, ஆறு குதிரை பூட்டிய வண்டியில் போனார். இந்திரா காந்தி கொலையுண்ட 1984க்குப் பிறகு குடியரசு தின விழாவுக்கு அந்த வண்டி வரவில்லை. கவசக் கார் வந்தது. 2024இல்தான் திரௌபதி முர்மு மீண்டும் வண்டியில் வந்தார். குதிரை வண்டியும் திறந்த காரும் ஓடிய அந்தப் பழைய டில்லியைப் படம் பிடித்தவர்களில் ஹோமாய் வியாரவாலா என்ற பெண்மணியை மாணவிகள் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். கனத்த கமராவோடு டில்லியைச் சைக்கிளில் சுற்றிப் படமெடுத்தவர். 1970இல் தொழிலை விட்டு விலகினார். பிறகு பல ஆண்டுகள் அவர் பெயரே பேசப்படவில்லை. 2006இல் அவரைப் பற்றி ஒரு நூல் வந்தது, 2011இல் பத்ம விபூஷண் கிடைத்தது, 2012 ஜனவரியில் காலமானார். இன்று அவர் படங்களை அல்காஸி அறக்கட்டளை காக்கிறது. எடுத்தவரே தன் படங்களைக் காத்து வைத்திருந்ததால் அவை தப்பின. அந்த வாய்ப்பு எல்லாப் புகைப்படக்காரருக்கும் அமைவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வில்லியம் கொபல்லாவ 1962 முதல் இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்தார். 1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசானது. அன்றே அவர் முதல் ஜனாதிபதியானார். ஆள் ஒருவர், பதவி இரண்டு. அவர் காரில் வந்து ஒரு விழாவில் இறங்கும் படம் திகதி இல்லாமல் கிடைத்தால், அது முடிக்குரிய இலங்கையின் படமா, குடியரசின் படமா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காரின் முன்னால் பறக்கும் கொடியைப் பார்க்கவேண்டும், வரவேற்பு வளைவில் எழுதியிருப்பதைப் படிக்கவேண்டும், பின்னால் நிற்கும் பஸ்ஸின் மாதிரியை அறியவேண்டும். படத்தின் பின்புறத்தில் ஒருவர் திகதியை எழுதியிருந்தால் இந்தப் பாடெல்லாம் தேவையில்லை.

நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறை 1978இல் வந்தது. அந்த வருடம் பெப்ரவரி 4ஆம் திகதி ஜே. ஆர். ஜெயவர்தன காலிமுகத்திடலில் வெட்டவெளியில், கடற்காற்றில், பெருங்கூட்டத்தின் முன் பதவியேற்றார். 15 வருடம் கழித்து, 1993 மே 1ஆம் திகதி, கொழும்பு ஆமர் வீதிச் சந்தியில் மேதின ஊர்வலத்தின் நடுவே ஜனாதிபதி பிரேமதாச தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். 1999 டிசம்பர் 18ஆம் திகதி கொழும்பு நகர மண்டபத்தடியில் பிரசாரக் கூட்டம் முடித்துப் புறப்பட்ட சந்திரிகா குமாரதுங்க குண்டு வெடித்துக் கண்ணில் காயமடைந்தார். இந்தக் காலப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் கையசைக்கும் மனிதர் தெரிகிறார். பிறகு கண்ணாடி ஏறுகிறது. பிறகு கண்ணாடியும் கறுப்பாகிறது. ஒரே மாதிரியான பல வாகனங்களில் எதில் ஜனாதிபதி இருக்கிறார் என்பது படம் எடுத்தவருக்கே தெரியாமல் போகிறது. யுத்தத்தின் வரலாற்றை ஒரு போர்க்களப் படமும் இல்லாமல் இந்தக் கார்ப் படங்களாலேயே எழுதிவிடலாம்.

வடக்கைப் பொறுத்தவரை, இல்லாத படங்களும் சாட்சி சொல்கின்றன. ஏ9 வீதி 1990இல் மூடப்பட்டு 2002 ஏப்ரலில்தான் திறந்தது. 2006 ஆகஸ்டில் திரும்ப மூடப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகே மறுபடி வழி பிறந்தது. கொழும்பிலிருந்து ஒரு ஜனாதிபதி தரைவழியாக யாழ்ப்பாணம் வந்திருக்க இயலாத ஆண்டுகள் அவை. காப்பகத்தில் அந்த ஆண்டுகளுக்குரிய பெட்டியில் அப்படி ஒரு படம் இல்லையென்றால் அந்த வெறுமைக்கும் பொருள் உண்டு. இதே தீவின் அராலித்துறையில் 1992 ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்ணிவெடியில் வாகனம் சிதறி, மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ உட்படப் பல படை அதிகாரிகள் இறந்தார்கள். வீதியில் ஒரு வாகனம் போவது என்பது அந்தக் காலத்தில் இங்கே என்னவாக இருந்தது என்று மூத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

யுத்தத்துக்குப் பின் வந்த படங்கள் வேறு வகை. 2011 ஜனவரியில் மகிந்த ராஜபக்ச சங்குப்பிட்டிப் பாலத்தைத் திறந்தார். பாலம் திறப்பது, வீதி திறப்பது, ரயில் பாதை திறப்பது எல்லாம் அரசின் கமராவுக்கு விருப்பமான காட்சிகள். ஆனால் அந்த ஆண்டுகளில் என் மனத்தை விட்டு அகலாத படம் ஒரு ஜனாதிபதியுடையது அன்று. 2013 நவம்பர் 15ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் வந்தார். பொது நூலகத்தடியில் அவருடைய தொடரணியை நோக்கிக் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவிமாரும் ஓடினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம்: பாடசாலைச் சீருடையில் ஒரு பிள்ளை, ஸ்ரூடியோவில் நின்று எடுத்த மாப்பிள்ளைக் கோலம், அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கிய ஒரு முகம். 97,000 நூல்கள் 1981இல் எரிந்த அதே நூலகத்தின் வாசல் அது. அன்று எடுத்த படங்கள் உலகச் செய்தி நிறுவனங்களின் காப்பகங்களில் இருக்கின்றன. தேடினால் அவை கமரூன் பெயரில் கிடைக்கும். அந்தத் தாய்மாரின் பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் தூக்கிப்பிடித்த படத்திலிருந்த பிள்ளையின் பெயரில் தேடினாலும் கிடைக்காது. இது எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது. அந்தப் பெண்களை ஊரில் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதித்தால் பெயர்களைச் சேர்க்க இன்னும் காலம் இருக்கிறது. இன்னும் இருபது வருடம் போனால் இராது.

தீவுப்பகுதிக்கு வருவோம். பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று வந்து, வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்கு ஏறி, குறிகட்டுவானில் வீதி முடிகிறது. அதற்கு மேல் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகவும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறவேண்டும். நாகபூஷணி அம்மனையும் நாக விகாரையையும் தரிசிக்கக் கொழும்பிலிருந்து வரும் பெரியவர்கள், ஹெலிகொப்டரில் வந்து இறங்கினாலன்றி, குறிகட்டுவானில் காரை விட்டுவிட்டுக் கடலில்தான் இறங்கவேண்டும். கவசக் காரும் கறுப்புக் கண்ணாடியும் இறங்குதுறையோடு நின்றுவிடும். அதற்கப்பால் எடுக்கும் படத்தில் தலைவரின் முகத்தில் உப்புக்காற்று அடிக்கும். சனம் எந்தக் கடலைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் வருகிறதோ அதே கடலில் அவரும் இருப்பார். குறிகட்டுவான் இறங்குதுறையில் எடுத்த படங்களை, வேறு எந்த இடத்துப் படங்களையும்விட, தேடிச் சேர்க்கவேண்டும் என்று சொல்வேன்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார். அதே நாளில் கடற்படைப் படகில் கச்சதீவுக்கும் போனார். பதவியிலிருக்கும் ஜனாதிபதி ஒருவர் அங்கே கால் வைத்தது அதுவே முதல் தடவை. அந்த நாளின் படங்கள் ஜனாதிபதி ஊடகப் பிரிவிடம் நிறைய இருக்கும். பண்ணையிலிருந்து மண்டைதீவுச் சந்தி வரை வீதியோரம் நின்ற நம்மவர்களும் கைத்தொலைபேசியில் எடுத்திருப்பார்கள். அவை எங்கே? பெரும்பாலும் தொலைபேசி மாறும்போது அழிந்திருக்கும். பழைய படங்களைத்தான் இழந்தோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். போன வருடத்துப் படங்களையே இழந்துகொண்டிருக்கிறோம்.

பழையவை எப்படிப் போயின என்பது இந்த அவைக்குத் தெரியும். 1990, 91இல் தீவுப்பகுதி இடம்பெயர்ந்தபோது உயிரோடு வெளியேறியதே பெரும்பாடு. அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சிலரே. கூரை போன வீடுகளில் மழை நனைத்தது, கறையான் அரித்தது. பாடசாலைத் திறப்பு விழா, கோயில் கும்பாபிஷேகம், நூல் நிலைய ஆண்டு விழா, அமைச்சரோ மகாதேசாதிபதியோ வந்த நாள், மாலையோடு காத்து நின்ற மாணவர் வரிசை எல்லாம் அப்படியே போயின. ஆனால் முழுவதும் போகவில்லை. அதற்கு முன்பே கொழும்புக்கும், லண்டனுக்கும், பாரிசுக்கும், டொரொன்டோவுக்கும் போனவர்களுக்கு ஊரிலிருந்து தபாலில் அனுப்பிய படங்கள் அங்கே இருக்கின்றன. கலியாண வீட்டுப் படங்களுக்கு நடுவில், ஊருக்குப் பெரிய மனிதர் காரில் வந்து இறங்கிய ஒரு படம் இருக்கும். அதில் காரை மறைத்துக்கொண்டு நிற்கும் பையன் உங்கள் பெரியப்பாவாக இருக்கலாம். வாகனத்தின் பின்னால் தெரியும் ஓட்டுக் கட்டடம் இன்று இல்லாத ஒரு பாடசாலையாக இருக்கலாம். அந்த வீதி தாரிட்டதா, கிரவலா, மணலா என்பது கூட ஓர் ஊரின் வரலாற்றுக்கு வேண்டிய தகவல்.

தமிழ்நாட்டில் இப்படியொரு வேலை நடந்திருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, பழைய ஸ்ரூடியோக்களின் படங்களைத் தேடி எண்ணிம வடிவில் சேமித்தார்கள். நம்மிடம் 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் இருக்கிறது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எவரும் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது, படங்களையும் சேர்க்கிறது. தீவுப்பகுதிக்குத் தனியாக ஒரு தொகுப்பு வேண்டும். அதைத் தொடங்கப் பெரும் பணமோ கட்டடமோ வேண்டியதில்லை.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். உப்புக்காற்றும் ஈரமும் படத்துக்கு எதிரி. பிலிம் சுருளில் வினாகிரி மணம் வந்தால் அது அழியத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதைப் பிரதியெடுங்கள். ஒட்டும் தாள் போட்ட அல்பத்தில் படத்தைப் பலவந்தமாகப் பிய்க்காதீர்கள், சட்டகக் கண்ணாடியில் ஒட்டிப்போனதையும் பிய்க்காதீர்கள். இருந்தபடியே மேலிருந்து படமெடுங்கள். படத்தின் பின்புறத்தில் குமிழ்முனைப் பேனாவால் எழுதினால் முன்புறம் தழும்பு விழும். மென்மையான பென்சிலால் எழுதவேண்டும். எண்ணிமப் பிரதியை ஒரே தொலைபேசியில் வைத்திருக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள்.

எழுதவேண்டியது எதை? திகதி, இடம், வந்தவர் பெயர். இவ்வளவோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். வீதியோரத்தில் நிற்பவர்களின் பெயரையும் எழுதுங்கள். மாலை போட்டவர், பந்தல் போட்டவர், மேளம் அடித்தவர், கூட்டத்தை ஒதுக்கிய தொண்டர், தென்னோலைத் தோரணம் கட்டியவர், படம் எடுத்த ஸ்ரூடியோக்காரர். காரில் வந்தவரின் பெயரை எந்தப் பாடப்புத்தகத்திலும் காணலாம். மற்றவர்களின் பெயர் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். க. பொ. த. உயர்தர வரலாற்று மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து, அதிலுள்ள அத்தனை பேரையும் அடையாளம் கண்டு, ஒரு பக்கம் எழுதும் பயிற்சியை அடுத்த தவணையிலேயே தொடங்குங்கள். கவிஞர் தில்லைச்சிவன் பிறந்த இந்தச் சரவணையில் எழுதக்கூடிய பிள்ளைகளுக்குக் குறைவிராது. புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இதையே சொல்கிறேன்: அடுத்த முறை ஊருக்கு வரும்போது அல்பத்தையும் கொண்டுவாருங்கள், வர முடியாதவர்கள் படத்தை இருபுறமும் ஸ்கான் செய்து அனுப்புங்கள். பின்புறத்தை மறக்கவேண்டாம். அம்மாவின் கையெழுத்து அங்கேதான் இருக்கும்.